வெளிப்பெட்டியை எங்கே வைப்பது?

தலைநகருக்குப் புதிதாகப் படிக்க வரும் நம்மவர் விரைவில் கற்றுக்கொள்ளும் இந்திச் சொற்களுள் ஒன்று ‘லூ’ என்பது. வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கேயிருந்து வீசும் அனற்காற்றுக்கு அப்பெயர். 2024-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 46.8 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய பிற்பகல் ஒன்றில், அடுக்கு வீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகிய சந்து வழியே நடந்து பாருங்கள். வீசுகின்ற லூவைவிடச் சூடான காற்றொன்று தலைமேல் அடிக்கும். அண்ணாந்து நோக்கினால் சன்னலுக்கு ஒன்றாகத் தகரப் பெட்டிகள் தொங்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு விசிறி சுழலும்.

குளிர்சாதனத்தின் உள்பெட்டியை எங்கே மாட்டுவது என்று வீட்டார் அனைவரும் கூடி ஆலோசிக்கின்றனர். கட்டிலுக்கு நேரே வேண்டாம், கதவுக்கு மேலே இருக்கட்டும் என்றெல்லாம் பேச்சு நடக்கிறது. வெளிப்பெட்டியைப் பற்றியோ ஒருவரும் சிந்திப்பதில்லை. “எங்கேயாவது மாட்டுங்கள்” என்று மிஸ்திரியிடம் சொல்லிவிட்டுத் தேநீர் போடச் சென்றுவிடுகின்றனர். மின்சாரச் செலவும், எந்திரத்தின் ஆயுளும், சில வேளைகளில் மனிதனின் ஆயுளும் அந்த ‘எங்கேயாவது’ என்ற ஒரு சொல்லில் அடங்கியிருக்கின்றன. நம் மாணவர் பலர் இப்போது விடுதியை விட்டு வெளியே வந்து, மூவர் நால்வராகச் சேர்ந்து வீடு பிடித்துத் தங்குகின்றனர். கோடைக்கு மட்டும் ஏ.சி. பெட்டியை வாடகைக்கு எடுப்பவரும் உளர். ஆகவே இப்பாடம் நமக்குப் புறம்பானதன்று.

எங்கள் வீட்டில் நடந்தது

நானும் நண்பர் மூவரும் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்திருந்தோம். அறைக்கு வெளியே நான்கடி அகலமுள்ள தாழ்வாரம். புழுதி வராதபடி வீட்டுக்காரர் அதனைக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார். வெளிப்பெட்டி அதற்குள் இருந்தது. மழை படாது, வெயில் படாது, திருடர் பயமும் இல்லை என்று அவர் பெருமையுடன் சொன்னார். நாங்களும் நம்பினோம்.

வைகாசி பிறந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எந்திரம் ஓடும், குளிர் வராது. சிறிது நேரத்தில் கம்ப்ரெஸர் தானே நின்றுவிடும். அரைமணி கழித்து மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். வாயு குறைந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, பணம் கொடுத்து வாயு நிரப்பினோம். பயன் இல்லை. ஒருநாள் வேதியியல் படிக்கும் நண்பர் வெப்பமானி ஒன்று கொண்டுவந்தார். தெருப்பக்கத்து நிழலில் 41 டிகிரி. கண்ணாடித் தாழ்வாரத்திலோ 54 டிகிரி! நோய் எந்திரத்தில் இல்லை, அதை வைத்த இடத்தில் இருக்கிறது என்பது அன்றுதான் விளங்கியது.

அது ஏன் அப்படி ஆயிற்று? அதை அறிய, அந்தப் பெட்டி செய்யும் வேலை யாது என்பதை முதலில் காண்போம்.

பெட்டி செய்யும் வேலை

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து நீரை இறைத்து மேட்டில் கொட்டுவது போன்ற வேலை இது. உள்பெட்டியிலுள்ள செப்புக் குழாய்ச் சுருளில் ஒரு திரவம் தாழ்ந்த அழுத்தத்தில் ஆவியாகிறது. ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை வெளிப்பெட்டியிலுள்ள கம்ப்ரெஸர் அழுத்தி, வெளிக்காற்றைவிடச் சூடாக்குகிறது. அங்குள்ள மற்றொரு சுருளில் விசிறி காற்றை இழுத்துச் செலுத்த, ஆவி தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. அத்திரவம் குறுகிய வழியொன்றில் புகுந்து அழுத்தம் குறைந்து உள்ளே திரும்புகிறது. இச்சுழற்சி ஓயாமல் நடைபெறுகிறது.

1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில், ஈரத்தால் தாள் விரிந்து வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போயின. அதனைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் காற்றைப் பதப்படுத்தும் அமைப்பொன்றை வகுத்தார். அன்று முதல் இன்றுவரை எந்திரங்கள் எத்தனையோ மாறிவிட்டன. அள்ளிய வெப்பத்தை எங்கேனும் கொட்டியாக வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒன்றரை டன் ஏ.சி. என்கிறோம். டன் என்பது பெட்டியின் எடையன்று. 907 கிலோ பனிக்கட்டியை ஒரு நாள் முழுவதும் உருகவிட்டால் அது எவ்வளவு வெப்பத்தை ஏற்குமோ, அந்த வேகத்துக்கு ஒரு டன் என்று பெயர். கணக்கிட்டால் அது ஏறக்குறைய 3.5 கிலோவாட். ஒன்றரை டன் என்றால் 5.3 கிலோவாட். இந்த வெப்பத்தை அள்ள எந்திரம் சுமார் 1.5 கிலோவாட் மின்சாரம் உண்கிறது என்று கொள்வோம். அந்த மின்சாரமும் முடிவில் வெப்பமே ஆகிறது. ஆகவே வெளிப்பெட்டி கொட்டுவது 5.3 உடன் 1.5 சேர்ந்து 6.8 கிலோவாட். ஏழு மின்சார அடுப்புகளை ஒருசேர எரியவிட்டதற்கு இது ஏறத்தாழச் சமம். அவற்றை நான்கடித் தாழ்வாரத்தில் வைத்துக் கண்ணாடியும் போட்டு மூடினால் என்ன ஆகும்? அதுவே எங்கள் வீட்டில் ஆனது.

இப்போது காற்றைப் பார்ப்போம். விசிறி நிமிடத்துக்கு 36 கன மீட்டர் காற்றைத் தள்ளுவதாகக் கொள்வோம். அதாவது நொடிக்கு 0.6 கன மீட்டர். எடையில் சுமார் 0.66 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோஜூல் வெப்பம் வேண்டும். 6.8-ஐ 0.66-ஆல் வகுத்தால் 10.3 வருகிறது. எனவே பெட்டிக்குள் 45 டிகிரியில் புகும் காற்று 55 டிகிரியில் வெளியேறுகிறது. விட்ட மூச்சையே பெட்டி மறுபடி இழுக்குமாயின் 55-இல் புகுந்து 65-இல் வெளியேறும். அதற்கு மேல் கம்ப்ரெஸர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மின்சாரச் செலவோ இன்னும் கவனிக்கத்தக்கது. 1824-இல் பிரெஞ்சு அறிஞர் சாதி கார்னோ வகுத்த விதியின் வழியே, வெப்பத்தைத் தாழ்விலிருந்து உயர்வுக்கு இறைக்க வேண்டிய மிகக் குறைந்த உழைப்பு அவ்விரண்டின் இடைவெளிக்கு ஏற்ப அமைகிறது. உள்ளே சுருள் 10 டிகிரியில் இருக்கட்டும். வெளிச் சுருள் தன்னைச் சூழ்ந்த காற்றைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கட்டும். வெளிக்காற்று 35 டிகிரி எனில் சுருள் 50, இடைவெளி 40. காற்று 45 எனில் இடைவெளி 50. தன் மூச்சையே இழுத்து 55 ஆனால் இடைவெளி 60. அதே அறையை அதே அளவு குளிர்விக்க உழைப்பு 40, 50, 60 என்று ஏறுகிறது. எந்த எந்திரமும் இந்த இலட்சியக் கணக்கை எட்டுவதில்லை. ஆயினும் ஏறும் திசை இதுவே. அதாவது, மேலும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் இரண்டு விழுக்காடு மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது.

நட்சத்திரக் குறியிட்டு விற்கும் பெட்டிகளின் குளிர்த்திறன் 35 டிகிரி வெளிக்காற்றில் அளக்கப்படுகிறது என்பதையும் நினைவிற் கொள்க. ஐந்து நட்சத்திரப் பெட்டியை வாங்கி மூச்சடைக்கும் மூலையில் வைப்பவர், கொடுத்த விலையில் ஒரு பகுதியை அந்த மூலையிலேயே இழக்கின்றார்.

காற்றுக்கு வழி

ஆகவே முதல் விதி: காற்று தடையின்றிப் புகவும், புகுந்த காற்று திரும்பிவராமல் வெளியேறவும் இடம் வேண்டும். பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் முதுகாலும் ஒரு பக்கத்தாலும் காற்றை இழுத்து, முகத்தால் விடுகின்றன. முதுகுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் முதல் ஓர் அடி வரை விடுக. காற்றிழுக்கும் பக்கத்திலும் அவ்வளவே விடலாம். குழாய்கள் இணையும் பக்கத்தில் மனிதன் கைவிட்டுத் திருகுவதற்கு இரண்டடி வேண்டும். தலைக்கு மேலும் இரண்டடி நன்று. முகத்துக்கு எதிரே எவ்வளவு திறந்த வெளி இருக்கிறதோ அவ்வளவும் நன்மை. பெட்டியுடன் வரும் கைநூலில் அந்தந்த எந்திரத்துக்குரிய அளவுகள் படத்துடன் இருக்கும். அவையே இறுதியானவை. அந்த நூலை உறை பிரிக்காமலே குப்பையில் எறியும் வழக்கத்தை நாமாவது விட்டுவிடலாம்.

தாழ்வாரத்தில் வைப்பதானால், அது திறந்த தாழ்வாரமாக இருத்தல் வேண்டும். கைப்பிடிச் சுவர் செங்கல்லால் அடைத்துக் கட்டியதாயின், தரையில் வைத்த பெட்டி விடும் காற்று அச்சுவரில் மோதித் திரும்பும். உயரமான இரும்புத் தாங்கியில் ஏற்றி, விசிறி சுவருக்கு மேலே வெளியை நோக்கும்படி செய்தல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: கைப்பிடியை ஒட்டி வைத்த பெட்டி குழந்தைகளுக்குப் படிக்கட்டு ஆகிவிடும். சிறுவர் உள்ள வீட்டில் அதன்மேல் ஏற முடியாதவாறு கம்பித் தடுப்பு அமைக்காமல் அங்கே வைக்கவே கூடாது.

அழகு கருதி வெளிப்பெட்டியைச் சல்லடைச் சுவருக்குப் பின்னே மறைக்கும் வழக்கமும் பெருகிவருகிறது. இங்கே அதை ‘ஜாலி’ என்பர். துளைகள் பெரியவையாயின் கெடுதல் குறைவு. பூவேலை மிகுந்து துளை சிறுத்தால், பெட்டி முகத்திரைக்குள் மூச்சுவிடும் கதிதான். விசிறிக்கு நேரே உள்ள பகுதியையேனும் திறந்துவிட வேண்டும்.

வெயிலும் திசையும்

“நிழலில் வைத்தால் போதாதா?” என்று வினவலாம். நிழல் நல்லதே, ஆயினும் காற்றுக்கு அடுத்தபடிதான். நொடிதோறும் பெருங்காற்று ஓடும் சுருளின்மேல் வெயில் சேர்க்கும் சூடு சிறிது. காற்றை மறித்து நிழல் தருவதைவிட வெயிலில் திறந்திருப்பது மேல். இரண்டும் ஒருங்கே கிடைக்குமாயின் சிறப்பு.

அதற்குத் திசையறிவு உதவும். தில்லி வடக்கே 28.6 டிகிரியில் உள்ளது. சூன் 21-ஆம் நாள் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 85 டிகிரி உயரத்தில், உச்சிக்கு மிக அருகே நிற்கிறது. எனவே கடுங்கோடையில் தெற்குச் சுவரின்மேல் நண்பகல் வெயில் சாய்ந்து விழுவதில்லை. சன்னலுக்கு மேலுள்ள சிறிய ‘சஜ்ஜா’வே போதிய நிழல் தந்துவிடும். வடக்குச் சுவரில் காலையும் மாலையும் மட்டும் சிறிது வெயில் படும். கிழக்குச் சுவர் முற்பகலில் காய்ந்து, வெப்பம் உச்சத்தில் உள்ள பிற்பகலில் நிழலாகிவிடும். மேற்குச் சுவரே எல்லாவற்றிலும் கடையானது. பிற்பகல் வெயிலும் லூவும் நேரே தாக்கும். மேற்கு நோக்கிய விசிறி எதிர்க்காற்றோடு மல்லாட வேண்டியிருக்கும். வேறு வழியில்லாமல் மேற்கில் வைப்பதானால், காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்படி வைப்பது நலம்.

தில்லியின் மற்றொரு பகைவன் புழுதி. ‘ஆந்தி’ என்னும் புழுதிப் புயல் அடித்த மறுநாள் சுருளின் முதுகைப் பார்த்தால் கம்பளி போர்த்ததுபோல் இருக்கும். பருவத்துக்கு இருமுறையேனும் கழுவ முடியாத இடம் நல்ல இடமாகாது. குளிர்காலத்தில் ஏ.சி. நான்கைந்து மாதம் உறங்குகிறது. அப்போது புறாக்கள் அதன் முதுகுப்புறத்தில் குடியேறிவிடுகின்றன. சித்திரையில் முதன்முறை ஓட்டுவதற்கு முன் எட்டிப் பார்த்துக் கூட்டை அகற்றுதல் வேண்டும்; குஞ்சு இருப்பின் ஓரிரு வாரம் பொறுக்கலாம். நம் ஊர்க் கடற்கரைப் பட்டினங்களில் உப்புக்காற்று சுருளை அரிப்பது போன்ற தொல்லை இங்கு இல்லை. அந்த ஒரு வகையில் தலைநகரம் நமக்கு இரக்கம் காட்டுகிறது.

கூண்டுக்குள் அடுக்கிய பெட்டிகள்

அடுக்கு வீடுகளின் நடுவே குளியலறைச் சன்னல்களுக்காக விட்ட கிணறு போன்ற இடைவெளி ஒன்று இருக்கும். மாடிக்கு ஒன்றாக வெளிப்பெட்டிகளை அதற்குள் மாட்டிவிடுகின்றனர். முகப்பு அழகாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சூடான காற்று மேலே ஏறும் இயல்புடையது. தரைத்தளத்தார் விட்ட அனலை முதல் மாடிப் பெட்டி இழுக்கிறது. அது மேலும் சூடாக்கி விட்டதை இரண்டாம் மாடி இழுக்கிறது. மேலே போகப்போக மின்சாரம் மிகும், குளிர் குறையும். உச்சி மாடியில் இருப்பவர் தாம் ஏமாந்து பழுதுள்ள பெட்டியை வாங்கிவிட்டதாக எண்ணி வருந்துவார். அவர் வாங்கியது நல்ல பெட்டிதான். அது இழுப்பது கீழ் வீட்டார் விட்ட மூச்சு. மேல் மாடியில் குடியிருப்பவர் இக்கூண்டைத் தவிர்த்து மொட்டைமாடிக்குச் செல்வது நன்று.

விழுந்தால் யார்மேல்?

இனிச் சொல்லப்போவது கணக்குக்குள் அடங்காதது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தில்லி கரோல் பாக் பகுதியில் மேல்மாடியிலிருந்து ஏ.சி. வெளிப்பெட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. கீழே நண்பருடன் பேசிக்கொண்டிருந்த 18 வயது இளைஞர் தலையில் அடிபட்டு இறந்தார். அந்த நண்பரும் காயமுற்றார். நம்மில் முதலாண்டு படிப்போரின் வயது அது.

வெளிப்பெட்டியின் எடை 25 கிலோ முதல் 40 கிலோ வரை இருக்கும். ஓர் அரிசி மூட்டையை ஒருவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கவிட்டு, அதற்குள் ஓயாமல் அதிரும் எந்திரத்தையும் வைத்தது போன்றது அது. அதிர்வினால் திருகாணி தளரும். மழையினால் தாங்கி துருப்பிடிக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரிலோ கான்கிரீட் தூணிலோ விரியும் போல்ட் கொண்டு தாங்கியைப் பொருத்துதல் வேண்டும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும், பூச்சு உப்பி உதிரும் பழஞ்சுவரும், மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரும் இதற்கு ஆகா. போல்ட் செங்கல்லின் நடுவே இறங்க வேண்டும். இரு செங்கல்லுக்கு இடையே உள்ள சாந்தில் இறங்கினால் பிடிப்பில்லை. தாங்கிக்கும் பெட்டிக்கும் இடையே இரப்பர் அட்டை வைத்து, நான்கு கால்களையும் திருகாணியால் இறுக்க வேண்டும். மூன்றை இறுக்கிவிட்டு நாலாவது துளை பொருந்தவில்லை என்று விட்டுப்போவது அடிக்கடி நிகழும் தவறு. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், துருவைச் சுரண்டிப் பார்ப்பது நம் கடமை. எல்லாவற்றினும் மேலாக, மக்கள் நடக்கும் வழிக்கு நேர் மேலே தொங்கவிடாமல் இருக்க முடியுமாயின் அதுவே சிறந்த காப்பு.

மிஸ்திரி கேட்ட கேள்வி

எங்கள் கதைக்குத் திரும்புவோம். கண்ணாடித் தாழ்வாரத்திலிருந்து பெட்டியை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. தெருப்பக்கத்துச் சுவரில், சன்னலுக்கு இரண்டு கை தள்ளி மாட்டச் சொன்னோம். குழாய் நீளம் குறையும், செலவும் குறையும். மிஸ்திரி சன்னல் வழியே தலையை நீட்டிக் கீழே பார்த்தார். நாற்பது வயதிருக்கும், ஒரு பை, ஒரு சுருள் கயிறு, இரப்பர்ச் செருப்பு. பிறகு எங்களிடம் இந்தியில் கேட்டார்: “பாயி சாப், இன்றைக்கு எப்படியோ மாட்டிவிடுவேன். அடுத்த வருஷம் இதைக் கழுவ வருகிறவன் எங்கே நிற்பான்?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெப்பத்தையும் விலையையும் கணக்கிட்டிருந்தோம். அவர் காலுக்கு இடம் கணக்கிடவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு கையால் சன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் திருகாணியை முடுக்கும் மனிதர்களை இந்நகரில் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் இடுப்பில் பெரும்பாலும் கயிறு இருப்பதில்லை. கடைக்காரர் கொடுப்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

“பய்யா, நீங்களே ஓர் இடம் சொல்லுங்கள்” என்றோம். அவர் மொட்டைமாடிக்குச் சென்று பார்த்து வந்தார். வீட்டுக்காரரிடம் நாங்கள் பேசி இசைவு பெற்றோம். ஓர் அடி உயர இரும்புத் தாங்கியில், கைப்பிடிச் சுவரிலிருந்து தள்ளி, வடக்கே முகம் வைத்துப் பெட்டி நிறுத்தப்பட்டது. குழாய்க்குக் கூடுதலாகச் செலவாயிற்று. அதை நால்வரும் பங்கிட்டுக்கொண்டோம். கம்ப்ரெஸர் பிற்பகலில் நிற்பது அன்றோடு ஒழிந்தது. ஆனி மாதத்துப் பட்டியலில் முந்தைய மாதத்தைவிட 70 யூனிட் குறைந்திருந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடும் எந்திரம் ஐந்தில் ஒரு பங்கு மிச்சப்படுத்தினால் வருவதும் ஏறக்குறைய அதுவே.

அப்போது கற்ற விதி இது: பழுது பார்ப்பவர் இரண்டு கால்களையும் ஊன்றி நிற்க முடியாத இடத்தில் வெளிப்பெட்டியை வைக்காதீர்கள். ஏற்கெனவே அப்படி மாட்டப்பட்டிருந்தால், இடுப்புவார் அணிந்து, உறுதியான இடத்தில் கயிறு கட்டிய பின்னரே ஆளை இறங்கவிடுங்கள்.

குழாய், நீர், மின்சாரம்

மொட்டைமாடி என்றதும் குழாய் நீளத்தையும் எண்ண வேண்டும். பல பெட்டிகளுடன் 3 மீட்டர் செப்புக் குழாய் வருகிறது. அதற்கு மேற்பட்ட நீளத்துக்குக் கூடுதல் வாயு நிரப்ப வேண்டியிருக்கும். நீளத்துக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது கைநூலில் இருக்கும். குழாய் நீளுந்தோறும் திறன் சிறிது குறையும். ஆகவே வீணாகச் சுற்றிக் கொண்டுபோகாமல், வளைவுகள் குறைந்த வழியைத் தேர்க. இரு குழாய்களுக்கும் தனித்தனியே நுரையுறை வேண்டும். இணைத்த பின் பம்பு வைத்து உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் முழுதும் வெளியேற்றச் சொல்லுங்கள். சிறிது வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றை விரட்டும் குறுக்குவழிக்கு இடங்கொடாதீர்கள்.

இன்று பல பெட்டிகளில் உள்ள ஆர்-32 என்னும் வாயு காற்றினும் கனமானது. எளிதிலன்று எனினும் தீப்பற்றக்கூடியது. கசிந்தால் கலைந்துபோகத் திறந்த வெளி வேண்டும் என்பதற்கு இது மற்றுமொரு காரணம். மின்சாரத்துக்குத் தனிக் கம்பி, தனித் துண்டிப்பான், சரியான எர்த்து ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. மழையில் நனையும் இரும்புப் பெட்டிக்கு எர்த்து இல்லாவிடில் அதைத் தொடுபவருக்கு ஆபத்து.

சொட்டும் நீர் வெளிப்பெட்டியிலிருந்து வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். குளிர்விக்கும் போது அது உள்பெட்டிச் சுருளில் படியும் நீர். ஆடி மாதப் புழுக்கத்தில் ஓரிரவில் பல லிட்டர் சேரும். அதன் குழாயைச் சரிவாக இறக்கி, வடிகாலிலோ வாளியிலோ விட வேண்டும். கீழே செல்பவர் தலையில் சொட்டவிடுவது பண்பாகாது.

எதிர் வீட்டுச் சன்னல்

கடைசியாக அண்டை வீட்டார். நம் அறையின் அனலை அவர் அறைக்குள் ஊதுவது நியாயமா? சந்தின் அகலம் பத்தடிக்கும் குறைவாயின், விசிறியின் முகம் எதிர் வீட்டுச் சன்னலைப் பார்க்கக் கூடாது. அவர் சன்னலைத் திறந்து வைத்து உறங்குபவராக இருக்கலாம், ஏ.சி. வாங்க இயலாதவராகவும் இருக்கலாம். ஓசையும் அப்படியே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. பழைய பெட்டி ஒன்று தளர்ந்த தாங்கியில் அதிர்ந்தால் அந்த எல்லை நள்ளிரவில் எளிதில் உடையும்.

தொகுத்து நோக்கின்

ஒரு வெளிப்பெட்டிக்கு இடம் தேரும்போது நால்வரை நினைக்க வேண்டும்: உள்ளே உறங்குபவர், எதிரே குடியிருப்பவர், கீழே நடப்பவர், ஏறி நின்று பழுது பார்ப்பவர். பெட்டியை வாங்கியவர் முதலாமவர் ஒருவரே. ஆனால் மற்ற மூவரும் அதன் பக்கத்தில் வாழ்கின்றனர். திறந்த காற்றும் உறுதியான தளமும் நிற்க இடமும் உள்ள ஓரிடம் பெரும்பாலும் இந்நால்வருக்கும் ஒருசேர நன்மை செய்கிறது. அறிவியல் காட்டும் இடமும் அயலார் நலம் காட்டும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. அடுத்த முறை மிஸ்திரி வந்து “எங்கே மாட்டட்டும்?” என்று கேட்டால், தேநீர் போடச் செல்லுமுன் அவரோடு மாடிவரை ஏறிப் பாருங்கள். தேநீரையும் அங்கேயே கொண்டுபோகலாம்.

பயிற்சி

1. இரண்டு டன் பெட்டி 2 கிலோவாட் மின்சாரம் உண்டால், வெளியே கொட்டும் வெப்பம் எவ்வளவு?

2. அதன் விசிறி நொடிக்கு 0.9 கிலோ காற்றைத் தள்ளினால், 42 டிகிரியில் புகும் காற்று எத்தனை டிகிரியில் வெளியேறும்?

3. உங்கள் அறையின் அல்லது விடுதிப் பொது அறையின் வெளிப்பெட்டியைச் சென்று பாருங்கள். மேற்சொன்ன நால்வருள் யாரை மறந்து அது மாட்டப்பட்டிருக்கிறது? அதைச் சரிசெய்ய யாரிடம் சொல்ல வேண்டும்?

முதலிரண்டுக்கும் விடை: 9 கிலோவாட், 52 டிகிரி. மூன்றாவதற்கு விடையை நீங்களே எழுதுங்கள்.